வீட்டில் கடைசி நாட்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் நான், அதாவது தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கும் நர்ஸ். பதினோரு வருடம் ஆகிறது.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, புற்றுநோய் முற்றிவிட்டது. சில நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று நாளாக இரண்டு ஸ்பூன் கஞ்சிகூட இறங்கவில்லை. பட்டினி போடுகிறோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மூக்கில் டியூப் போடச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாங்க. அம்மாவின் உடம்பு அடங்கிக்கொண்டு வருகிறது, அதனால்தான் பசி போய்விட்டது. குடலும் மெதுவாகிவிடும். இந்த நிலையில் டியூப் வழியாக ஊற்றினால் வயிறு உப்பும், வாந்தி வரும், நுரையீரலுக்குள் போனால் மூச்சுத் திணறும். அவரே கேட்டால் மட்டும் ஒரு வாய் கொடுங்கள். மற்றபடி சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரப்படுத்துங்கள், உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், அது போதும். ஒரு வீட்டில் மகள் பஞ்சை ஃபில்டர் காபியில் தொட்டு உதட்டில் வைத்தாள். இரண்டு நாளாகக் கண் திறக்காத அந்த அம்மா அதை மெல்லச் சப்பினார். மகள் அழுதுவிட்டாள், நானும்தான்.

கேள்வி: கடுமையான வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்தை அப்பாவுக்குக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்கிறார் சித்தப்பா.

பதில்: டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறைக்காது. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, தொண்டையில் கரகரவென்று சத்தம். இழுத்துக்கொண்டு கிடக்கிறார், பால் ஊற்றுங்கள் என்கிறார்கள்.

பதில்: அந்தச் சத்தம் நமக்குத்தான் பயம். எச்சிலை விழுங்க முடியாமல் தொண்டையில் தேங்குவதால் வருவது, நினைவு மங்கிய அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாலைத் தொண்டையில் ஊற்றாதீர்கள், புரையேறும். விரலில் தொட்டு உதட்டில் தடவுங்கள், சடங்கும் நிறைவேறும். கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், அவருக்குக் கேட்கிறது என்று நினைத்தே பேசுங்கள்.

கேள்வி: எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா?

பதில்: தாராளமாக. கடைசி நேரத்தில் எந்த சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் இந்த லிவிங் வில் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். அப்புறம் அதைப் பீரோவில் பூட்டி வைக்காமல் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

கேள்வி: தாத்தா தவறிவிட்டார். ஆறு வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது?

பதில்: 'தூங்குகிறார்' என்று மட்டும் சொல்லாதீர்கள், ராத்திரி கண்ணை மூடவே பயப்படுவான். செத்துப் போய்விட்டார், திரும்பி வரமாட்டார் என்றே சொல்லுங்கள். பார்க்கிறேன் என்றால் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உள்ளே போகும் முன், தாத்தா கை சில்லென்று இருக்கும், கூப்பிட்டால் பேசமாட்டார் என்று சொல்லிவிடுங்கள்.