உச்சியில் வானம் கூடுதலாகத் தெரியுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஏழாவது படிக்கும் என் மகளுக்குக் கொஞ்ச காலமாக நட்சத்திரப் பைத்தியம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் தெரிகிறது. பால்வீதியைக் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பழனி மலையில் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்திருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

கொடைக்கானலில் ஒரு கேம்ப்காரர்கள் பேக்கேஜ் சொல்கிறார்கள். ராத்திரி 11 மணிக்கு ஜீப். அதன்பின் காட்டுக்குள் இரண்டு மணி நேர ட்ரெக்கிங். உச்சியில் பால்வீதி, அங்கேயே சூரிய உதயம், காலை உணவுக்குத் திரும்பிவிடலாம். படங்களைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. ஜனவரியில் போகலாமா? ஊட்டி இதைவிட நல்லதா? கொடை அப்சர்வேட்டரியில் இரவில் டெலஸ்கோப் வழியாகப் பார்க்க விடுவார்களா என்று மகள் கேட்கச் சொன்னாள். அவளுக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கித் தரலாமா?

அன்புடன்,
ம., திருப்பூர்

*

அன்புள்ள ம.,

அந்தப் பேக்கேஜை விட்டுவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து விட்டுவிடுங்கள்.

மலையில் நடப்பதும் வானம் பார்ப்பதும் தனித்தனிக் காரியங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினால் இரண்டுமே கைக்கு வராது. வனத்துறையின் காட்டுக்குள் இருட்டிய பிறகு நடக்க சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. அதனால் உங்களை ராத்திரி 11 மணிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் திருட்டுத்தனமாகத்தான் கூட்டிக்கொண்டு போவார். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் முதலில் காணாமல் போகிறவரும் அவர்தான். 2018 மார்ச்சில் போடிப் பக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேற்றத்துக்கு இன்றிருக்கும் கெடுபிடிகள் பெரும்பாலும் அதன் பிறகு வந்தவை. எனக்கு அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தீயைவிட இரவில் நான் அஞ்சுவது காட்டுமாட்டைத்தான். கொடையில் அது காட்டில் மட்டும் இருப்பதில்லை, ஏரிச் சாலையிலும் நிற்கும். கறுத்த உடம்பு இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும், முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளை மட்டும்தான் டார்ச்சில் படும். வெள்ளையாக நாலு கால் தெரிகிறது என்று மூளைக்கு எட்டுவதற்குள் பத்தடி கிட்டே போயிருப்போம். பன்னிரண்டு வயசுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு செய்கிற வேலையா இது?

சரி, இவ்வளவு பாடுபட்டு உச்சிக்கு ஏறினால் வானம் கூடுதலாகத் தெரியுமா என்றால், தெரியாது. உயரத்தால் வருகிற லாபம் கொடைக்கு வந்து சேர்ந்தபோதே கிடைத்துவிட்டது. 2000 மீட்டருக்கு மேலே நின்றால் காற்று மண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உங்கள் காலுக்குக் கீழே போய்விடுகிறது. சமவெளியின் தூசியும் ஈரமும் பெரும்பாலும் அந்தப் பங்கில்தான் இருக்கின்றன. அதற்கு மேல் இருநூறு மீட்டர் ஏறுவதால் ஒரு நட்சத்திரம்கூடக் கூடாது. உச்சியில் கூடுதலாகக் கிடைப்பது காற்றுதான். வியர்த்த சட்டையோடு அந்தக் காற்றில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், பால்வீதியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று உங்கள் மகளே சொல்லிவிடுவாள்.

வானத்துக்கு வேண்டியது இருட்டு, தெற்கும் வடக்கும் திறந்த ஒரு சரிவு, சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி. கொடை நகரத்தைத் தாண்டி மேற்கே போங்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று வரிசையாகக் கிராமங்கள். அங்கே ஏதாவதொரு வீட்டில் அறை எடுத்தால் முற்றத்திலேயே காரியம் முடிந்துவிடும். ஏரிக்கரை, பள்ளத்தாக்கின் அடி இதெல்லாம் படத்துக்கு அழகு, வானம் பார்க்க உதவாது. பகலில் வெயில் பட்டுச் சூடான காற்று சரிவோடு ஏறி வருவதால்தான் பிற்பகலில் மஞ்சு மூடுகிறது. பொழுது சாய்ந்ததும் மண் குளிர்கிறது, கனத்த குளிர்காற்று சரிவு வழியே வழிந்து தாழ்வான இடத்தில் தேங்குகிறது. மூடுபனியும் அங்கேயே தங்கிவிடும். மேலே சரிவில் இருக்கும் வீட்டுக்கு வானம் திறந்திருக்கும். ஆகவே மத்தியானம் இரண்டு மணிக்கு எதிரே இருக்கும் வீடே தெரியவில்லை என்று சோர்ந்துபோய்த் திரும்பிவிடாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை வெளியே வந்து பாருங்கள். குளிரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேகம் இல்லாத இரவில் மண்ணின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும் என்பதால், நன்றாகத் தெரிகிற இரவுதான் நன்றாகக் குளிர்கிற இரவு. ஜனவரியில் பத்து டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம்.

விளக்குத்தான் பெரிய தலைவலி. லடாக்கின் ஹான்லேவில் 2022இலிருந்து இரவு வானத்துக்கென்றே காப்பகம் அமைத்து விளக்குகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிர எல்லையில் உள்ள பென்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024இல் அப்படியொரு அங்கீகாரம் கிடைத்தது. கொடைக் கிராமங்களில் அந்த ஏற்பாடெல்லாம் கிடையாது, வீட்டுக்காரரிடம் நீங்களேதான் பேசிக்கொள்ள வேண்டும். பூம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் தோட்டத்து எல்.ஈ.டி. பல்பை அணைக்கச் சொன்னேன். "அணைச்சா மாடு பூண்டுக்குள்ள எறங்கிருமே சார்" என்றார் அவர். நியாயமான பேச்சு. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அது, ஒரு ராத்திரியில் மிதித்துத் தீர்த்துவிடும். கடைசியில் ஒரு மணி நேரத்துக்கு மெயினையே அணைத்துவிட்டு, கையில் டார்ச்சோடு அவரே காவலுக்கு நின்றார். அரை மணி நேரம்தான். பிறகு, "அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க" என்று என் பைனாகுலரை வாங்கியவர் திருப்பித் தரவேயில்லை. பூண்டை நான்தான் காவல் காத்தேன்.

விளக்கை அணைத்த பிறகு கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடமாவது ஆகும். இடையில் ஒரு தடவை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். மங்கலான ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதை நேரே முறைக்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள், அப்போதுதான் பிடிபடும்.

இப்போது படங்கள். கேமரா இருபது வினாடி கண்ணைத் திறந்து வைத்து வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறது. நம் கண்ணுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் பார்க்கப்போவது ஊதாவும் ஆரஞ்சும் கலந்த பால்வீதியை அல்ல, சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய புகைத் தடத்தை. மகளிடம் இதை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். தவிர, அந்தப் படங்களில் இருக்கும் பருத்த நடுப்பகுதி ஜனவரி இரவில் வானத்தில் கிடையாது. அந்த மாதம் சூரியன் அந்தத் திசையில்தான் இருக்கிறது. மாசி அமாவாசையை ஒட்டி, விடியற்காலை நாலு மணிக்குத் தென்கிழக்கில் அது ஏறி நிற்கும். சிவராத்திரிக்கு எப்படியும் கண் விழிக்கிற குடும்பமென்றால் அந்த இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலா விடியும் நேரத்தில்தான் கீற்றாக வரும்.

ஆனால் அந்தச் சமயத்தில் காட்டுப் பாதைகள் மூடியிருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீக்காலம் என்று வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைப்பது வழக்கம். நடக்கவும் வேண்டும் என்றால் தை அமாவாசை. பருத்த பால்வீதி மட்டும் இராது, மற்றதெல்லாம் உண்டு.

அன்று இரவு ஒன்பது மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே சிவப்பாகத் திருவாதிரை. உச்சியைத் தாண்டி வடமேற்கே கொஞ்சம் சாய்ந்தாற்போல் கார்த்திகைக் கூட்டம். ஆறு தெரிகிறதா ஏழா என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். தென்கிழக்கில் பளீரென்று சிரியஸ், அதற்குக் கீழே தெற்கில் அகத்திய நட்சத்திரம். வடக்கே திரும்பி, கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வையுங்கள். முஷ்டியின் மேல்விளிம்பை ஒட்டித் துருவ நட்சத்திரம் இருக்கும். ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி, கொடை இருப்பதும் பத்தாவது அட்சரேகையில். ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எத்தனை வருஷம் படித்தாலும் முஷ்டியை வைத்துப் பார்க்கிற ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது. அப்படியே தெற்கே திரும்பி, அங்கேயும் ஒரு முஷ்டி. தெற்கு திறந்திருந்து அடிவானமும் சுத்தமாக இருந்தால், அந்த உயரத்தில் பஞ்சுத் துணுக்குப் போல ஒரு மங்கல் தெரியும். பெரிய மெகல்லனிய மேகம் அது, நம்முடையதல்லாத வேறொரு விண்மீன் மண்டலம். டெல்லிக்காரர்கள் தலைகீழாக நின்றாலும் அவர்களுக்குக் கிடைக்காது.

பிறகு தூங்கப் போய்விடுங்கள். நாலரை மணிக்கு அலாரம். தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் தென் சிலுவை நேராக நிற்கும், அதற்கு இடப்பக்கம் செண்டாரஸின் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். ஐந்தரைக்கெல்லாம் வெளுக்கத் தொடங்கிவிடும்.

நடையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். "ட்ரெக் தமிழ்நாடு" என்ற பெயரில் அரசே 2024இல் நாற்பது பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். மகளின் வயதைச் சொல்லிப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிப் பக்கம் இறங்குகிற தடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளத்திலிருந்து கொடைக்கு ஏறிவந்த பழைய வழி அது. இறங்குவது சுகம், ஏறும்போது பல்லைக் காட்டிவிடும். முழுதாக இறங்கிவிடாதீர்கள்.

அப்சர்வேட்டரி பற்றி மகள் கேட்டது நல்ல கேள்வி. அது 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். இரவு வானத்துக்காக அமைந்ததல்ல என்பதால் பகலில் போய் வாருங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். உலகமெங்கும் பாடநூல்களில் அது அவர் பெயரால் இருக்கிறது. பின்னாளில் அங்கே இயக்குநராக இருந்த வைணு பாப்பு, நட்சத்திரங்களுக்கு வேறு இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூருக்குப் போனார். பெரிய டெலஸ்கோப் பார்க்கிற ஆசைக்கு இன்னொரு பயணம் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஊட்டியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நல்ல இருட்டு பெரும்பாலும் முக்குர்த்தி, அவலாஞ்சி போன்ற வனத்துறை நிலத்தில் இருக்கிறது, இரவில் நமக்கு அங்கே வேலையில்லை. முத்தோரையில் 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டிய ரேடியோ டெலஸ்கோப்பைச் சாலையிலிருந்தாவது மகளுக்குக் காட்டுங்கள். 530 மீட்டர் நீளம். அந்த ஊரின் அட்சரேகை 11 டிகிரி, அதே 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதில் கிடத்தியிருக்கிறார்கள். முஷ்டிக் கணக்கு புரிந்த பிள்ளைக்கு இதுவும் புரியும். அதற்கு மஞ்சும் மேகமும் ஒரு பொருட்டே இல்லை, கொடுத்துவைத்தது.

டெலஸ்கோப் இப்போதைக்கு வேண்டாம். மலிவான டெலஸ்கோப்பின் ஸ்டாண்டு ஆடும் ஆட்டத்தில் பிள்ளைக்கு வெறுத்துப்போகும். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள். கார்த்திகையும், ஓரியன் நெபுலா என்ற வாயு மேகமும் அதில் போதுமான அளவு தெரியும். மூச்சு பட்டு ஐபீஸ் மங்கும், பருத்தித் துணி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பனியன் கம்பெனிக்காரருக்கு அதற்கா பஞ்சம்!

கொடைக்கு ஈ-பாஸ் கட்டாயம், கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நீங்கள் தாராபுரம், பழனி வழியாகத்தான் வருவீர்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அந்தச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது, நீங்கள் அமாவாசைக்குப் போகிறீர்கள், ஆகையால் நெரிசல் இராது.

அன்புடன்.