சைக்கிள்ல ஆபீஸ் போக எந்த வழி? சென்னைக்காரங்க கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருவான்மியூர்): அண்ணா, ஆபீஸ் தி.நகர் பனகல் பார்க் பக்கத்துல. மேப் எல்.பி. ரோடு, அடையாறு பாலம், அண்ணா சாலைன்னு காட்டுது. ஒரு நாள் போய்ப் பார்த்தேன், போதும் போதும்னு ஆயிடுச்சு. வேற வழி இருக்கா?

பதில்: ரோட்டைத் தேடறதுக்கு முன்னாடி ஆத்தைப் பாருங்க தம்பி. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை. சென்னையில நம்ம வழியைத் தீர்மானிக்கிறது இந்த நாலும்தான். இதுல எதை எந்த இடத்துல தாண்டப் போறோம்னு முடிவு பண்ணிட்டா, மீதி சந்துபொந்தெல்லாம் தானா அமைஞ்சிடும்.

உங்களுக்கு அடையாத்தைத் தாண்ட மூணு இடம்: திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம். நான் சொல்றது நடுவுல இருக்கிற கோட்டூர்புரம். இந்திரா நகர் உள்தெருக்கள் வழியா வந்து, மத்திய கைலாஷ் தாண்டி சர்தார் படேல் சாலையில கொஞ்ச தூரம் பல்லைக் கடிச்சுக்கங்க. காந்தி மண்டபம் சாலைக்கு வலது பக்கம் திரும்பணும். அங்கதான் நிறைய பேர் ஓட்டிக்கிட்டே கையைக் காட்டி வலது ஓரத்துக்கு ஏறப் பாக்கறாங்க, பின்னாடி வர்ற பஸ்காரர் நின்னுடுவார்னு ஒரு நம்பிக்கை. வேண்டாம். இடது ஓரமாவே சிக்னல் வரைக்கும் போய், இறங்கி, ஜனங்களோட சேர்ந்து தள்ளிக்கிட்டுத் தாண்டுங்க. அதுக்கப்புறம் அண்ணா பல்கலைக்கழகம், பிர்லா கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகம்னு பாலம் வரைக்கும் ஓரளவு நிழல்லயே போயிடலாம். நந்தனத்துல அண்ணா சாலையைத் தாண்டினா வெங்கட்நாராயணா சாலை, அதைப் பிடிச்சா தி.நகர். நந்தனம், பனகல் பார்க் ரெண்டுமே மெட்ரோ இரண்டாம் கட்டத்துல வர்ற நிலையங்கள். தடுப்பு வெச்சு வழி மாத்திக்கிட்டே இருப்பாங்க, அன்னன்னைக்குப் பலகையைப் பார்த்துப் போங்க.

கேள்வி (மேற்கு மாம்பலம்): மழைக்காலத்துல என்ன பண்றது சார்? ரயில் பாதையைத் தாண்ட துரைசாமி சுரங்கப்பாதைதான் எனக்குக் கிட்ட.

பதில்: அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் உங்களுக்கு ரெண்டு வழி தெரிஞ்சிருக்கணும். துரைசாமி, அரங்கநாதன் ரெண்டு சுரங்கப்பாதையுமே நல்ல மழைக்குத் தண்ணி தேங்கற இடம். கோடம்பாக்கம் மேம்பாலம் சுத்துதான், ஆனா அங்க தண்ணி நிக்காது. பொதுவா மேம்பாலம் பக்கமே போகாதீங்கன்னு சொல்ற ஆள் நான். இது மட்டும் விதிவிலக்கு.

கணுக்காலுக்கு மேல தண்ணி இருந்தா ஓட்டாதீங்க. அடியில பள்ளமா, மூடி இல்லாத குழியான்னு தெரியாது. மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 2023ல ஆகாய நடைபாதை திறந்தாங்க இல்லையா? ரொம்ப மோசமான நாள்ல சைக்கிளை வீட்டுலயே விட்டுட்டு அதுல நடந்து போயிடுங்க, கௌரவம் ஒண்ணும் குறையாது.

கேள்வி (ஈஞ்சம்பாக்கம்): சோழிங்கநல்லூர்ல வேலை. மேப்ல பார்த்தா கூப்பிடு தூரம். ஆனா எப்படிப் போனாலும் சுத்துதே, ஏன்?

பதில்: நடுவுல பக்கிங்காம் கால்வாய் படுத்திருக்கே. ஈ.சி.ஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) தெற்கே அக்கரை வரைக்கும் போய், அங்க வலது பக்கம் திரும்பி கால்வாயைத் தாண்டினா சோழிங்கநல்லூர் சந்திப்பு. ஈ.சி.ஆர்ல வண்டிங்க பறக்கும், அதனால சீக்கிரமே கிளம்பிடுங்க. ஓ.எம்.ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் யூ டர்ன் ரொம்ப தள்ளி இருக்குன்னு சர்வீஸ் ரோட்டுல எதிர்த் திசையில வர்றதை நிறைய பேர் வழக்கமாவே வெச்சிருக்காங்க. நீங்க அதைச் செய்யாதீங்க. கேட்ல இருந்து வெளிய வர்ற கார்க்காரர் வலது பக்கம் வர்ற வண்டியைத்தான் பாத்துக்கிட்டிருப்பார், இடது பக்கத்துல இருந்து வர்ற உங்களைப் பார்க்கவே மாட்டார்.

கேள்வி (நங்கநல்லூர்): கிண்டிக்குப் போகணும். கத்திப்பாரா மேம்பாலத்துல சைக்கிள் ஓட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆலந்தூர் எம்.கே.என். சாலையைப் பிடிங்க.

கேள்வி (அண்ணா நகர்): நல்ல வழியைக் கண்டுபிடிக்க ஆப் ஏதாவது இருக்கா அண்ணே?

பதில்: கூகுள் மேப்ல நடந்து போற வழியைப் போட்டுப் பாருங்க, பைக் வழி காட்டாத உள்தெருவெல்லாம் தெரியும். சில சமயம் படிக்கட்டுலயும் ஏத்திவிடும், அதையும் சொல்லிடறேன். அதைவிட நம்பகமான ஆளுங்க இருக்காங்க. காலையில பேப்பர் போடறவர், தண்ணி கேன் கட்டிக்கிட்டுப் போறவர், ஸ்கூலுக்கு சைக்கிள்ல போற பசங்க. இவங்க எந்தத் தெருவுல திரும்பறாங்கன்னு ரெண்டு நாள் கவனிங்க, எந்த ஆப்பும் வேண்டாம். உங்க ஏரியா கட்டம் கட்டமா அமைச்சது. அவென்யூவுல ஓட்டாம அதுக்கு இணையா இருக்கிற தெருவுல போறது ரொம்ப சுலபம்.

புது வழியை ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பழகுங்க. ஆனா நல்ல வழியா இல்லையான்னு அன்னைக்கே முடிவு கட்டிடாதீங்க. ஒரு திங்கக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டினாத்தான் அதோட குணம் தெரியும்.

கேள்வி (மந்தைவெளி): நான் பெண். வீடு திரும்ப இரவு ஒன்பது ஆயிடும். காலையில போற வழியிலயே திரும்பலாமா?

பதில்: போற வழியும் வர்ற வழியும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லம்மா. பகல்ல நல்லா இருக்கிற நிழல் தெரு ராத்திரியில இருட்டாயிடும், நாயும் கூடிடும். திரும்பும்போது கடை திறந்திருக்கிற தெருவாப் பாருங்க. மெடிக்கல் ஷாப், டிபன் கடை இருந்தா வெளிச்சமும் இருக்கும், ஆளும் இருக்கும். காலையில இடது பக்கம் திரும்பின இடமெல்லாம் ராத்திரி வலது பக்கம் ஆயிடும், அந்தத் திருப்பங்களைத் தனியா யோசிச்சு வெச்சுக்கங்க. பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம். தொங்கற பை அதை மறைச்சிடாம, சீட்டுக்கு அடியில கம்பியிலயே மாட்டுங்க. துப்பட்டாவையும் இடுப்புல சுத்தி முடிஞ்சுடுங்க, செயின்லயோ சக்கரத்துலயோ சிக்கிடும்.