எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளாத ரெஜிஸ்டர்

கேள்வி: சின்னதாக ஒரு ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) எழுதி, அதில் டிஸ்க்குகளை இணைக்கும் ஏஎச்சிஐ சாட்டா கண்ட்ரோலரையும் மென்பொருளிலேயே சேர்த்திருக்கிறேன். உள்ளே ஓடும் லினக்ஸ் (கெஸ்ட்) டிஸ்க்கைத் தேட ஆரம்பித்ததும் உறைந்துவிடுகிறது. ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் ஓடுகிறது. கண்ட்ரோலரின் ரெஜிஸ்டர்களை (டிரைவர் படித்து எழுதும் சிறு இடங்களை) ஒரு அரேயில் வைத்திருக்கிறேன். எழுதினால் சேமிக்கும், படித்தால் கொடுக்கும். எங்கே தப்பு?

பதில்: தப்பு அந்த அரேயில்தான்.

டிஸ்க் மாட்டும் போர்ட்டின் இன்டரப்ட் (சிபியூவைக் கூப்பிடும் சிக்னல்) நிலை ரெஜிஸ்டரைப் பாருங்கள் (போர்ட் தொடக்கத்திலிருந்து ஹெக்ஸ் 10). அதில் 1 எழுதினால் அந்த பிட் அழியும், 0 எழுதினால் ஒன்றும் ஆகாது. லினக்ஸ் டிரைவர் தான் படித்த மதிப்பையே திருப்பி எழுதுகிறது. உங்கள் அரே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. பிட் அழியவில்லை, இன்டரப்ட் கோடு இறங்கவில்லை, இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லர் திரும்பியதும் மறுபடி அதே இன்டரப்ட். (கோடு இல்லாமல் செய்தியாக இன்டரப்ட் அனுப்பும் எம்எஸ்ஐ முறையை இன்னும் சேர்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.)

சரி, எது எழுதினாலும் சுழியாக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். டிரைவர் 1 என்று படிக்கிறது. அது திருப்பி எழுதுவதற்குள் இன்னொரு கட்டளை முடிந்து 3-வது பிட் ஏறுகிறது. இப்போது மதிப்பு 9. டிரைவர் 1 எழுதினால் 8 மிஞ்ச வேண்டும். சுழியாக்கினால், இந்த ரெஜிஸ்டரை மட்டுமே நம்பும் டிரைவர் அந்த முடிவைப் பார்க்கவே பார்க்காது. லினக்ஸ் கட்டளை அனுப்பும் ரெஜிஸ்டரையும் (அடுத்து வருவது) அப்புறம் படிப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதனாலேயே இந்த பக் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

கட்டளை அனுப்பும் ரெஜிஸ்டர் (ஹெக்ஸ் 38) இதற்கு நேர் எதிர். 1 எழுதினால் பிட் ஏறும். கட்டளை முடிந்ததும் அதை இறக்குவது கண்ட்ரோலரின் வேலை. போர்ட்டை நிறுத்தினால் எல்லா பிட்டும் இறங்க வேண்டும்.

அடுத்து நீங்கள் மாட்டிக்கொள்ளப்போவது ஹெக்ஸ் 18-இல், போர்ட்டை ஓட்டவும் நிறுத்தவும் உள்ள ரெஜிஸ்டரில். அங்கே 0-வது பிட் ஓடச் சொல்வது; 15-வது பிட் ஓடுகிறதா என்று காட்டுவது, படிக்க மட்டும். டிரைவர் மதிப்பைப் படித்து, 0-வது பிட்டை மட்டும் அணைத்து, மீதியை அப்படியே எழுதும். பிறகு 15-வது பிட் இறங்கக் காத்திருக்கும். எழுதியதை நீங்கள் அப்படியே சேமித்துவிட்டால் அது இறங்கவே இறங்காது.

ஆகவே ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் மாஸ்க் (எந்த பிட் எந்த வகை என்று சொல்லும் எண்) வையுங்கள்: எழுதக்கூடியவை, 1 எழுதினால் அழிபவை, 1 எழுதினால் ஏறுபவை. கியூஎம்யூ என்ற எமுலேட்டர், சாதனங்களின் பிசிஐ கான்ஃபிக் (அமைப்பு) ரெஜிஸ்டர்களுக்கு ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. எந்த மாற்றத்துக்குப் பிறகும் இன்டரப்ட் கோட்டை ஒரே ஃபங்ஷனில் புதிதாகக் கணக்கிடுங்கள்.

சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ டிஸ்க் கண்ட்ரோலரையும் சேர்ப்பதாக இருந்தால், அங்கே வெறுமனே படிப்பதே நிலையை மாற்றிவிடும். நிலை ரெஜிஸ்டரான ஹெக்ஸ் 1எஃப்7-ஐப் படித்தால் காத்திருக்கும் இன்டரப்ட் அணைந்துபோகும். 3எஃப்6 அதே நிலையைத் தரும், எதையும் தொடாது. உங்கள் டீபக்கரை 3எஃப்6-ஐ மட்டும் படிக்க வையுங்கள்.