வாசகர் கேள்வி–பதில்: பழைய டீசல் மோட்டார்ஹோமும் லூஸ் காண்டாக்டும்

கேள்வி: 2000ஆம் ஆண்டு மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி. பின்பக்கம் கம்மின்ஸ் ஐ.எஸ்.பி. 5.9 எஞ்சின். மேடுபள்ளத்தில் போகும்போது ஒரு நொடி அணைந்து, தானே பிடித்துக்கொள்கிறது. பழுதுக் குறியீடு 434. எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான இ.சி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சாவியை அணைக்காமலேயே தனக்கு வரும் மின்சாரம் அறுந்தது என்று இ.சி.எம். பதிவுசெய்து வைப்பதுதான் 434. புகார் சொன்னவரையே குற்றவாளி ஆக்குவானேன்?

இ.சி.எம்.முக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு லைன் வரும். பெரும்பாலான வண்டிகளில் இது பேட்டரியைத் துண்டிக்கும் மெயின் ஸ்விட்ச் வழியே போகாது. பேட்டரி முனையில் ஒரு சிறு வளைய டெர்மினல், அதை ஒட்டி ஒயரிலேயே ஒரு ஃபியூஸ் ஹோல்டர் இருக்கும். பின் சக்கரம் அடிக்கும் தண்ணீரும் குளிர்காலச் சாலை உப்பும் அங்கேதான் வந்து விழும். ஹோல்டரைத் திறந்தால் களிம்பு பிடித்திருக்கும். சில சமயம் ஃபியூஸ் நன்றாகவே இருக்க, அதைக் கவ்வும் தகடு மட்டும் தளர்ந்திருக்கும்.

இங்கே மல்டிமீட்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் 12.6 வோல்ட் காட்டிவிடும். எனவே சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பிறகு இ.சி.எம். கனெக்டரை உருவுங்கள். ஒயரிங் படத்தில் சப்ளை, எர்த் பின்களைப் பார்த்து, அவற்றுக்கு இடையே ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்து, நெகட்டிவை மறுபடி மாட்டுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். எரியும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவுக்கும் இடையே அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கமும் அப்படியே. இப்போது ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டை, நெடுக அசைத்துப் பாருங்கள். பல்பு கண் சிமிட்டும் இடம்தான் பழுது. பின்னுக்குள் மீட்டர் முனையைத் திணிக்காதீர்கள். துளை அகன்றுவிட்டால் புதிதாக ஒரு லூஸ் காண்டாக்ட் உருவாகும். அளவுக்குப் பொருந்தும் டெர்மினல் ஒன்றில் ஒயர் கோத்துச் செருகுவதே முறை.

அடுத்து எஞ்சின் எர்த். ஒருவர் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிட (கிராங்க்), பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அளக்கவும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கேபிளைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் இறுக்குங்கள்.

பழைய ஃபியூஸ் ஹோல்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்வதில் பயனில்லை. நீர் புகாத ஹோல்டர் போட்டு, ஒயர் முனைகளை நசுக்கிப் பிடித்து (கிரிம்ப்), உள்ளே பசையுள்ள ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். ஃபியூஸ் ஆம்பியரைக் கூட்டாதீர்கள். கேமராவுக்கோ ரேடியோவுக்கோ யாராவது அதே லைனில் ஒட்டுப் போட்டிருந்தால் வெட்டியெறியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 434 பதிவாகாமல் எஞ்சின் அணைந்தால், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் வி.பி.44 இன்ஜெக்ஷன் பம்ப்பின் மின் சப்ளையைப் பாருங்கள். அந்தப் பம்ப்புக்கென்று தனி மின்னணுப் பலகை உண்டு. அதைக் குளிர்விப்பது டீசல்தான். டேங்கிலிருந்து டீசலை அதற்கு அனுப்பும் லிஃப்ட் பம்ப் தரும் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போவது நல்லதல்ல.

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் எஞ்சின் சில நேரம் வேகமெடுக்காமல் ஐடிலிலேயே நிற்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. பெடலை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஒன்டாரியோ

பதில்: குறியீடு என்ன என்று பாருங்கள். கம்மின்ஸில் 131, 132 என்றால் பெடல் சென்சாரின் வோல்ட் வரம்பு மீறியிருக்கிறது. 432 என்றால் ஐடிலைச் சரிபார்க்கும் ஸ்விட்ச் சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை, அப்போது இ.சி.எம். பாதுகாப்புக்காக எஞ்சினை ஐடிலிலேயே வைத்துவிடும். பெடல் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவே வண்டி நீளம் முழுக்க ஒயர். பெடல் அடியிலுள்ள கனெக்டரையும், சேஸி விளிம்பில் ஹார்னஸ் உரசும் இடங்களையும் பார்த்த பிறகு பெடலை வாங்கலாம்.

கேள்வி: கேம்ப்கிரவுண்டில் கரன்ட் இணைப்பிலேயே நிறுத்தியிருந்தும் ஒரு மாதத்தில் எஞ்சின் பேட்டரி இறங்கிவிடுகிறது.
– வாசகர், கலிபோர்னியா

பதில்: பல பழைய வண்டிகளில் அந்த இணைப்பு, விளக்கு போன்றவற்றுக்கான வீட்டுப் பேட்டரியை மட்டுமே சார்ஜ் செய்யும். எஞ்சின் பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 30 நாளில் 36 ஆம்பியர்-மணி போய்விடும். இரண்டு பேட்டரிக்கும் நடுவே, எஞ்சின் பேட்டரியைச் சிறிது சிறிதாக நிரப்பும் ஒரு டிரிக்கிள் சார்ஜ் கருவி போடுங்கள். கிராங்க் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காமல் போகலாம். இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். உங்கள் வண்டியில் மெயின் ஸ்விட்ச் இ.சி.எம். லைனையும் துண்டிக்கிறது என்றால், சாவியை அணைத்து ஒரு நிமிடம் கழித்தே அதைத் திருப்புங்கள். அவசரப்பட்டால் முதல் வாசகரின் 434 உங்கள் வண்டியிலும் பதிவாகும்.