பத்தமடை என்ற சிற்றூருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி பக்கம் உள்ள ஊர் பத்தமடை. சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது இங்கேதான். ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாய்தான். 2013-இல் அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் (ஓர் ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம்) கிடைத்தது.

விஷயம் பாய் நெய்யும் கோரைப் புல்லைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுவார்கள். தண்டு உப்பி இளகினால்தான் மெல்லிய இழையாகக் கிழியும். ஊறல் குறைந்தால் இழை கனத்துவிடும். ஊறியதை உடனே வெயிலில் உலர்த்தாவிட்டால் கறுத்துப்போகும், சாயமும் சரியாகப் பிடிக்காது.

பாவுக்கு, அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் இழைக்கு, பருத்தி நூல். பட்டு நூலும் உண்டு. பெயர் பெற்ற ‘பட்டுப் பாய்’ துணி மாதிரி மடியும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள்.

வாங்கும்போது விளிம்பை மடித்துப் பாருங்கள். இழை நொறுங்கினால் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தால் நெசவில் இடைவெளி தெரியக் கூடாது. விலை மலிவென்றால் பெரும்பாலும் சாதாரணக் கோரைப் பாய்தான். அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும்.