வெளிநாட்டில் சில மாதம் தங்கும்போது ஊர் சுற்றுவதையும் வீட்டு வேலையையும் எப்படிச் சமாளிப்பது?

சமையல், துவைப்பு, கடை எல்லாம் நம் தலையில்தான் என்றால் ஊரை எப்போது பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எல்லைக்காரர்களுக்கு இது பழகின வித்தை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிக்கு எங்கள் வீட்டில் யாரும் ஒரே வேலைக்காகப் போனதில்லை. டாக்டரைப் பார்த்து, துணி எடுத்து, கேரளாவைவிட விலை குறைவென்று வண்டிக்குப் பெட்ரோலும் போட்டு, நேரமிருந்தால் ஆனைமலை மாசாணியம்மனையும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவோம். பெர்லினில் மகள் வீட்டில் இருந்தபோதும் இந்தப் புத்திதான் கைகொடுத்தது.

போனதும், எது என்றைக்கு மூடியிருக்கும் என்று பாருங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான். பல அடுக்குமாடிகளில் அன்று வாஷிங் மெஷினும் ஓட்டக்கூடாது. மியூசியங்கள் மட்டும் திறந்திருக்கும். திங்கட்கிழமை நேர்மாறு: பல மியூசியங்களுக்கு லீவு, கடைகள் திறப்பு. ஆக ஞாயிறு சுற்றல், திங்கள் துவைப்பு என்று அந்த ஊரே டைம்டேபிள் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

மற்ற நாட்களில் இரண்டையும் பிரிக்காதீர்கள். ஒரே திசையில் இருப்பதைக் கோத்துவிட வேண்டியதுதான். எனக்குப் பிடித்தது செவ்வாய்க்கிழமை. காலையில் மியூசியம் தீவில் நோயெஸ் மியூசியம். எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் தலைச்சிலை அங்கேதான் இருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் வண்ணம் மங்காத முகம், ஒரு கண்ணில் மட்டும் விழி இல்லை. அப்புறம் அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் யூ8 ரயில் ஏறி ஷோன்லைன்ஸ்ட்ராஸேயில் இறங்கினால் கால்வாய்க் கரையில் துருக்கியர் சந்தை. செவ்வாயும் வெள்ளியும் கூடும். கொத்தமல்லி கட்டுக் கட்டாக, கத்தரிக்காய், வெண்டைக்காய், எல்லாம் நம் சமையலுக்கு ஆகும். கடை கட்டும் நேரத்தில் தக்காளியை விலை குறைத்துக் கூவுவார்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். காய்ப்பையோடு ராணியைப் பார்க்க விடமாட்டார்கள், லாக்கரைத் தேடவேண்டும்.

டிக்கெட்டையும் கவனியுங்கள். பெர்லினில் நகருக்குள் ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். வழியில் இறங்கி ஒரு வேலையை முடித்துவிட்டு அதே திசையில் மறுபடி ஏறலாம். அதை வைத்துத் திரும்பி வர மட்டும் முடியாது. ஊர்சுற்றிக் காட்டும் தனி பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி. சாதாரண 100ஆம் எண் பஸ்ஸே ஸூ (மிருகக்காட்சிசாலை) ரயில் நிலையத்திலிருந்து நாடாளுமன்றம், மியூசியம் தீவு வழியாக அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை போகிறது.

ஈழத்தமிழர்கள் பிரிட்ஸ் பகுதியில் கட்டிய முருகன் கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் நாளில் பக்கத்திலேயே இருக்கும் லாடக் குடியிருப்பையும் நடந்து பாருங்கள். 1920களில் புரூனோ டவுட் வடிவமைத்தது, 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. குளத்தைச் சுற்றி லாட வடிவில் வளைந்த வீடுகள். அவற்றில் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், எனவே ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

குடித்துவிட்ட தண்ணீர் பாட்டிலை வழியில் போட்டுவிடாதீர்கள். சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் பாட்டிலுக்கு 25 சென்ட் கணக்காகச் சீட்டு வரும், பால் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். எங்கள் பேரனுக்கு ஊரிலேயே பெரிய வேடிக்கை அந்த மெஷின்தான்.

ஆபீஸ், டாக்டர் என்று நேரம் குறித்த வேலை இருக்கும் நாளில் மட்டும் எதையும் சேர்க்காதீர்கள். மனம் கடிகாரத்திலேயே இருக்கும்.

நீங்கள் எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. டிசம்பர் என்றால் நாலு மணிக்கே இருட்டிவிடும். சுற்றலைக் காலையில் வைத்துக்கொண்டு கடை, துவைப்பு எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். ஜூன் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவிவிட்டே கிளம்பலாம்.