பழைய மாஸ்டா மியாட்டா காரில் எண்ணெய் கசிகிறது, ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) துடிக்கிறது. பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் தேங்கும் வாயுவை வெளியேற்றும் சின்ன வால்வு) மாற்றினால் சரியாகுமா?

சரியாகலாம். ஆனால் புதியது வாங்கும் முன் பழையதைக் கழற்றி ஊதிப் பாருங்கள். குலுக்கிப் பார்த்ததோடு விட்டதால் எனக்கு நாலு மாதம் போனது.

என்னுடையது 1991 மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர் இன்ஜின். இருப்பது கலிஃபோர்னியாவில், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்மாக் (புகை) சோதனை உண்டு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டியது. பார்த்த மெக்கானிக், கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். எனக்கு மனசு வரவில்லை. கையை விட்டுத் தடவினால் ஈரம் மேலேயிருந்தே தொடர்ந்து வந்தது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்பக்கம் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் சீல்) வயதாகி இறுகினால் எண்ணெய் வழிந்து இறங்கும், கீழேயிருந்து பார்த்தால் அச்சு அசல் பின் சீல் கசிவுதான். ஓ-ரிங்கை மாற்றினேன், நின்றது. நாலே மாதத்தில் மறுபடி ஈரம்.

பிசிவி வால்வை முன்பே எடுத்துக் குலுக்கியிருந்தேன். 'டிக் டிக்' என்றது, நல்லதுதான் என்று திரும்பச் செருகிவிட்டேன். இந்த முறை சுத்தமான ஹோஸ் துண்டை மாட்டி ஊதினேன். மூச்சு முட்டியதுதான் மிச்சம். உள்ளே இருக்கும் குட்டி உலக்கை ஆடுகிறது, ஆனால் வழியெல்லாம் கறுப்புக் கசடு.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயுவும் எரியாத பெட்ரோல் ஆவியும் கொஞ்சம் கீழே, இன்ஜினின் அடிப்பகுதிக்குள், இறங்கத்தான் செய்யும். பழங்காலக் கார்கள் அதை அப்படியே ரோட்டில் விட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டம் பெரிய பிரச்சினையானதும், 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியக் கார்களில் இந்த வால்வு வந்தது: அந்த வாயுவை இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) இழுத்து மறுபடி எரித்துவிடும். ஐடிலில் உறிஞ்சல் அதிகம், உலக்கை இழுபட்டு வழியைக் குறுக்கும். ஓட்டும்போது உறிஞ்சல் குறையும், ஸ்பிரிங் தள்ளி வழி அகலும். வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அங்கே எண்ணெயைத் தள்ளும். என் ஓ-ரிங் பாவம், தண்டனை மட்டும் அதற்கு.

உங்களுக்குத் துடிப்பும் இருப்பதால் வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸையும் சந்தேகப்படுங்கள். என்னுடையதை வளைத்தபோது அடிப்பக்கம் வாய் பிளந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரில் படாத காற்று அந்த வெடிப்பு வழியாகப் புகுந்தால் ஐடில் எப்படி நிற்கும்?

ஊதும்போது, வால்வ் கவருக்குள் (ஹெட்டின் மேல் மூடி) செருகும் முனையிலிருந்து காற்று போக வேண்டும், ஹோஸ் மாட்டும் முனையிலிருந்து போகவே கூடாது. அப்புறம் வண்டி ஐடிலில் ஓடும்போது வால்வை கவரிலிருந்து உருவி விரலால் மூடுங்கள். நன்றாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் வால்வோ ஹோஸோ மேனிஃபோல்டு வாயோ அடைத்திருக்கிறது.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்பார்கள். வால்வு ஐந்து நிமிடம்தான், அது செருகியிருக்கும் கிராமெட் விடாது. முப்பது வருடச் சூட்டில் அந்த ரப்பர் வளையம் ஓடு மாதிரி ஆகியிருக்கும். நான் ஸ்க்ரூடிரைவரால் நெம்ப, கால்வாசி உடைந்து உள்ளே விழுந்தது. வால்வ் கவரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிய பிறகுதான் கவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவிலிருந்து துண்டு வெளியே வந்தது. கூடவே புது கவர் கேஸ்கெட் செலவு. நீங்கள் வாக்குவம் கிளீனர் குழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வளைந்த ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். புதியதில் இன்ஜின் ஆயிலைத் தடவினால் வழுக்கி உட்காரும்.

வால்வு உங்கள் இன்ஜினுக்கென்றே உள்ளதாக இருக்கட்டும். முதலில் மலிவாகக் கிடைத்த பொது வால்வைப் போட்டேன், அது நுழைந்தது, ஆனால் ஐடில் நிமிடத்துக்கு 1,100 சுற்றில் நின்றது. கம்பெனி வால்வு போட்டதும் இறங்கியது. கடைசியாக டயக்னாஸிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து ஐடிலை 850-க்கு வைத்தேன்.

எல்லாம் மாற்றியும் கசிந்தால், கவருக்குப் புதுக் காற்று கொண்டுவரும் இன்னொரு ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையையும் கவரில் அந்த வாயையும் அடைத்துவிட்டு, ஐடிலில் எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு பேப்பரை வையுங்கள். சற்று நேரத்தில் பேப்பர் உள்ளே இழுபட வேண்டும். மேலே எழும்பினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் சோதனை) எடுத்துவிடுங்கள்.